அப்பாவுக்குக் காட்டும் மீன்

டெக்சாஸில் ஆகஸ்ட் கடைசியில் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறவனுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்று நீங்கள் நினைத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். தண்ணீரில் கையை விட்டால் குளிக்கப் போட்ட வெந்நீர் மாதிரி இருக்கும். மீன்கள் நம்மைவிட விவரமானவை. விடியலில் கரையோரம் வந்து எதையாவது தின்றுவிட்டு, வெயில் ஏறியதும் ஆழத்துக்குப் போய்ப் படுத்துவிடும். அதன்பிறகு என்ன இரை போட்டுக் கெஞ்சினாலும் ஏறெடுத்துப் பார்க்காது.

நான் பிடிப்பது பாஸ் என்கிற நன்னீர் மீன். பச்சை உடம்பு, விலாவில் கறுப்புப் பட்டை, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய வாய். முதல் தடவை வீடியோ காலில் காட்டியபோது தூத்துக்குடியில் இருந்த அப்பா, "வாயப் பாத்தா களவா மீனு கணக்காலா இருக்கு" என்றார். அப்பா உப்புக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கடலில் கால் நனைத்தது கிடையாது. ஆனால் நாற்பது வருஷம் தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போனவர். மீன்காரம்மாக்கள் அவரைக் கண்டால் முதலிலேயே நல்ல மீனை எடுத்து வைத்துவிடுவார்களாம், தொந்தரவு விட்டால் போதும் என்று.

என் கதை பெரிய கதை இல்லை. வேலை இங்கே டல்லாஸ் பக்கம் இர்விங்கில். மனைவிக்கு வேலை கலிஃபோர்னியாவில், பிளசன்டனில். "ஆறு மாசம், அப்புறம் நீங்களும் இங்க மாத்திட்டு வந்துடுங்க" என்று போனவள். நாலு வருஷம் ஆகிறது. எனக்கு அங்கே வேலை அமையவில்லை, அவளுக்கு இங்கே அமையவில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்தால்கூட அதைப் போடுவதற்காவது ஒருவரையொருவர் கூப்பிட்டிருப்போம். மகள் வேறொரு மாநிலத்தில் காலேஜில் படிக்கிறாள். நான் எது அனுப்பினாலும் ஒரு சிவப்பு இதயம் திரும்பி வரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடினால் திங்கட்கிழமை காலை வரை நான் வாயைத் திறந்து பேச ஆள் கிடையாது. கடையில் பில் போடும் பெண்ணிடம் சொல்லும் தேங்க்யூவோடு சரி. அதனால்தான் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது, "இந்த கயாக்க என்ன பண்றதுன்னு தெரியல, எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டதும் தலையாட்டிவிட்டேன். ஒற்றை ஆள் உட்காரும் பிளாஸ்டிக் படகு. கூட இரண்டு தூண்டில்களும் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, தண்ணீரில் இருந்தபடியே அப்பாவைக் கூப்பிடுவேன். அங்கே சாயங்காலம் ஆறு. காப்பி குடித்துவிட்டுத் தெம்பாக இருப்பார். "சனிக்கிழமை, ஏழரை மணி. நல்ல நேரம் பாத்தீங்க போங்க" என்று மனைவி ஒருதடவை மெசேஜில் கிண்டல் செய்திருந்தாள். அப்பா என்னிடம் வேலை, விசா, உடம்பு எதுவும் கேட்கமாட்டார். மீனைக் காட்டச் சொல்வார். எத்தனை கிலோ, முள் அதிகமா, குழம்பா பொரியலா. இந்த மூன்று கேள்விதான், இதே வரிசையில்தான்.

ஆரம்பத்தில் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். இங்கே பிடித்த மீனைத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவோம் என்றேன். அப்பா விடவில்லை. "பிடிச்ச மீன விடுததுக்கு என்னத்துக்குல வெயில்ல கெடந்து காயுத? வீட்ல ஃபேனப் போட்டுட்டு இருக்க வேண்டியதுதான?" என்றார். அடுத்த வாரத்திலிருந்து குழம்பு என்றே சொல்லிவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு மறதி தொடங்கியது. முதலில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் போனது. பிறகு பேரப்பிள்ளைகள். ஒருநாள் தம்பியைப் பார்த்து, "சார் எந்த ஆபீஸ்ல இருந்து வாறீய?" என்று கேட்டுவிட்டாராம். தம்பி அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அவன் மனைவி சொன்னாள். ஆனால் என்னை மட்டும் அப்பாவுக்குத் தெரிந்தது. மீனைத் தூக்கிக் காட்டினால் போதும், "ஏல, வந்துட்டியா" என்பார். கூட இருந்து பார்த்துக்கொள்கிற பிள்ளையைத் தெரியவில்லை, கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற என்னைத் தெரிகிறது. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. மறைத்து என்ன பிரயோஜனம்?

ஊருக்குப் போய் நேரில் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இருபது வருஷமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன் நான். போனால் விசா முத்திரை குத்தித் திரும்பி வர எத்தனை மாதம் ஆகும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதுவரை வேலை காத்திருக்குமா என்பது அவனுக்கும் தெரியாது. ஆக, சனிக்கிழமை ஏழரை மணிதான் எனக்கு இருந்த ஒரே வழி. அந்த நேரத்தில் என் கையில் ஒரு மீன் இருந்தாக வேண்டும்.

போன வருஷம் ஜூலை பாதியிலிருந்து மீன் கிடைக்கவில்லை. மழையே இல்லை, ஏரி வற்றி, தண்ணீர் பாசி நாற்றம் அடித்தது. வெறுங்கையோடு கூப்பிட்டேன். அப்பா திரையைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். அடுத்த வாரம் தூண்டிலை மட்டும் காட்டிப் பேச்சுக் கொடுத்தேன். "வீட்ல யாருமில்ல, பொறவு வாங்க" என்றார். மூன்றாவது வாரமும் அதே கதைதான். அன்றைக்குக் கயாக்கைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு அழுதேன். ஐம்பத்திரண்டு வயது ஆள் அழுவது பார்க்க நன்றாக இருக்காது. நல்லவேளை, பார்க்க யாரும் இல்லை.

அதன்பிறகு ஒரு கோமாளித்தனம் செய்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் ஒரு சீனக் கடைக்குப் போய், ஐஸில் படுத்திருந்த முழு மீன் ஒன்றை வாங்கினேன். ஏறக்குறைய பாஸ் மாதிரியே இருந்தது. மறுநாள் அதை ஐஸ் பெட்டியில் வைத்துப் படகில் ஏற்றிக்கொண்டு போனேன். ஏழரை ஆனதும் எடுத்து, தண்ணீரில் ஒருமுறை முக்கி, சொட்டச் சொட்டப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இந்தா பாருங்க" என்றேன். பக்கத்தில் மோட்டார் படகில் போன ஒரு வெள்ளைக்காரர் என் மீனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் வெட்கமில்லாமல் திருப்பிக் காட்டினேன்.

அப்பா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"கண்ணப் பாரு, வெளுத்துப் போயிருக்கு" என்றார், பக்கத்தில் நின்ற தம்பி மனைவியிடம். "ஐஸு மீனு. ரெண்டு நாளாவது ஆயிருக்கும். எவனோ இந்த ஆளு தலைல கட்டிட்டான், பாவம்."

பெற்ற பிள்ளையை மறந்தவருக்கு மீனின் கண் மறக்கவில்லை. தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் "இந்த ஆளு" என்றது மட்டும் அன்றைக்கு முழுவதும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு முடிவோடு போனேன். உயிர் மீன் இல்லாமல் கூப்பிடுவதில்லை. ஏழரைக்கு ஒன்றும் இல்லை. லேட்டாகக் கூப்பிடுகிறேன் என்று தம்பி மனைவிக்குச் செய்தி அனுப்பிவிட்டு அங்கேயே கிடந்தேன். எட்டரைக்கு மற்ற படகுகள் எல்லாம் கரையேறின. ஒன்பதரைக்கு என் தண்ணீர் பாட்டில் காலி. ஏரி முழுவதற்கும் நான் ஒருத்தன்தான். தொப்பிக்குள் தலை வெந்தது. போய்விடு, போய்விடு என்று உடம்பு சொன்னது. போய் எங்கே உட்காருவது? அதே அபார்ட்மென்ட், அதே சோபா.

அணை கட்டி ஏரி வருவதற்கு முன் அங்கே ஓடை ஒன்று இருந்திருக்கிறது. அதன் கரையில் நின்ற மரங்கள் இப்போது தண்ணீருக்குள் மொட்டையாக நிற்கின்றன. வெயில் நேரத்தில் பெரிய மீன்கள் அந்த நிழலில்தான் கிடக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஊதா நிற ரப்பர் புழு ஒன்றைக் கொக்கியில் மாட்டி, இரண்டு மரங்களுக்கு நடுவில் இறக்கினேன். அது அடியைத் தொடும்வரை காத்திருந்து, ஒரு சாண் இழுத்து, மறுபடி காத்திருந்தேன். இப்படியே எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. பத்தே காலுக்குத் தூண்டில் நரம்பில் 'டொக்' என்று ஒரு தட்டல்.

இழுத்ததும் படகே திரும்பிவிட்டது. மரத்தில் சுற்றிக்கொள்ளாமல் அதைப் பிடித்து வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பக்கத்தில் வந்தபோது அதன் வாய்க்குள் என் முஷ்டி போகும் போலிருந்தது. மூன்றரைக் கிலோவுக்குக் குறையாது. அதற்குமுன் நான் இரண்டு கிலோவைத் தாண்டியதே இல்லை. கீழ் உதட்டைக் கட்டைவிரலால் பற்றி, தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். இந்தச் சூட்டில் போராடிக் களைத்த மீனை வெளியே அதிக நேரம் வைத்திருந்தால் செத்துப்போகும். நம்மால் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியுமோ அவ்வளவுதான் அதற்கும். அந்த மீன் பிழைத்ததா என்று சிலர் கேட்பார்கள். பிழைத்தது, அரை மணி நேரம் தண்ணீரில் தாங்கிப் பிடித்தபிறகு போய்விட்டது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

படகின் முன்னால் மாட்டியிருந்த போனில் இடது கையால் தம்பி மனைவியின் நம்பரை அழுத்தினேன். அங்கே இரவு எட்டே முக்கால். அப்பா ஒன்பதுக்குத்தான் படுப்பார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தாள்.

"அத்தான், இப்பமா?" என்றாள். அடுக்களையில் நின்றிருந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"மீன் கையில இருக்கும்மா. சீக்கிரம் அப்பாகிட்ட கொண்டு போ."

அவள் தயங்கினாள். நான் மறுபடி அவசரப்படுத்தியதும் நடந்தாள். அப்பாவின் அறையை நெருங்கும்போது உள்ளே யாரோ பேசுவது கேட்டது. "ரெண்டு கிலோ இருக்கும்ப்பா" என்றது அந்தக் குரல். சற்று இடைவெளி. "இல்லப்பா, முள்ளு கம்மிதான்." என் குரல்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அங்கே லைன் கிடைக்காமல், நானே பேசி எடுத்து அனுப்பிய வீடியோ அது. அப்பா என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்தானே? கேள்விக்கு இடம் விட்டு, பதிலை மட்டும் சொல்லியிருந்தேன். அனுப்பியதையே மறந்துவிட்டேன்.

தம்பி மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "தப்பா நெனைக்காதிய அத்தான்" என்றாள். "சாயங்காலம் ஆனா உங்களத்தான் கேக்காவ. அழுதாவ. ஒருநா இதப் போட்டுக் காட்டுனேன், அமைதியாயிட்டாவ. இப்பம் தெனமும் போடுதேன். பேசிட்டு நல்லாத் தூங்குதாவ."

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது வேறு. வீடியோவில் இருக்கிறவன்மேல் எனக்குப் பொறாமை வந்தது. அவனுக்கு மீன் பிடிக்கிற கவலை இல்லை, வெயில் இல்லை. தினமும் அப்பாவோடு பேசுகிறான்.

"பரவால்லம்மா" என்றேன். "ஒரு நிமிஷம் என்னையும் காட்டு."

அவள் உள்ளே போய்ப் போனைத் திருப்பினாள். அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். மடியில் இருந்த டேப்லெட்டில் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. "மாமா, இங்க பாருங்க, உங்க மூத்த மவன். இப்பம் பிடிச்ச மீன வச்சிருக்காவ" என்றாள்.

நான் இரண்டு கையாலும் மீனைத் தூக்கினேன். அது வாலை அடித்து என் முகமெல்லாம் தண்ணீர். அப்பா அதைக் கவனமாகப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். செவுளைப் பார்த்தார்.

"நல்ல மீனு" என்றார். "உசுரு மீனு. யாரு இவரு?"

"நாந்தாம்ப்பா" என்றேன்.

சாப்பிடும் நேரத்தில் வந்துவிட்ட விருந்தாளியைப் பார்ப்பது போல அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்தினார்.

"எம் மவங்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்லா. அவன் அங்க பேச்சுத் தொணைக்கு ஆளில்லாமத் தனியாக் கெடக்கான். நான் பேசலன்னா அவனுக்கு யாரு இருக்கா? இவரப் பொறவு வரச் சொல்லு."

"சரிங்க" என்றேன். "நீங்க அவங்கிட்ட பேசுங்க."