முடிந்துபோன நோம்பிக்கு அழைப்பு

சித்தியை அழைத்து வர அம்மா என்னையும் வால்பாறைக்குக் கூட்டிப்போனபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். அங்கே எஸ்டேட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவை, சித்தி தானே பார்த்துக் கட்டிக்கொண்டவள். பொள்ளாச்சிக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போன இடத்தில் பழக்கம். வீட்டில் எல்லோரும் வேண்டாமென்றார்கள்; பட்டினி கிடந்து அவள் ஜெயித்தாள். அப்படி ஜெயித்துவிட்டதாலோ என்னவோ, அதற்குப் பிறகு அவள் எங்களிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. எஸ்டேட்டில் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கோயமுத்தூர் வந்தபோது எங்கள் வீடு தேடிவந்து அம்மாவிடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளே நாங்கள் பஸ் ஏறிவிட்டோம்.

எனக்குச் சித்தப்பாவை ரொம்பப் பிடிக்கும். அன்றும் என்னை லாரியில் தூக்கி உட்காரவைத்து ஹாரன் அடிக்கவிட்டார். அம்மா அவரிடம், ஊரில் மாரியம்மன் கோயில் நோம்பி, தங்கச்சியை இரண்டு நாளைக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்றாள். நோம்பி போன மாதமே முடிந்திருந்தது. ராட்டினம் சுற்றி நான் வாந்தியெடுத்த நோம்பி அது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா ஒரு முறுக்கைத் திணித்தாள். பெரியவர்களுக்கு மறதி அதிகம் என்று நினைத்துக்கொண்டு தின்றேன்.

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. "மாவு ஆட்டி வெச்சுப்போட்டேனுங்க. நான் வர்ற வரைக்கும் தாங்குமுங்க" என்றாள்.

அவரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து எனக்கு ஜன்னலோரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தார். பஸ் நகர்ந்தபோது சித்தி கையசைக்கவில்லை. அவள் கையை அம்மா தன் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். கொண்டை ஊசி வளைவொன்றில் நான் சித்தியின் மேல் சாய்ந்ததும் அவள் தோளை இழுத்துக்கொண்டு முனகினாள். கேட்டதற்கு, வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். ஆழியாறு வந்து சமவெளியின் சூட்டுக்காற்று முகத்தில் அடித்த பிறகுதான் அம்மா அந்தக் கையை விட்டாள்.

"இனி நீ அங்க போக வேண்டாம் அம்மணி" என்றாள்.

சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனால் தெற்கே பார்த்தபடி நின்றுவிடுவாள். யாராவது கூப்பிட்டால்தான் இறங்கிவருவாள்.

ஒருநாள் சித்தப்பா வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டேயிருந்தார். சித்தி சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பார்க்கிறாயா என்று அம்மா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள், மாட்டேன் என்று.

"அவ வரமாட்டா தம்பி. போயிட்டு வாங்க" என்றார் அப்பா. இனி வரவேண்டாம் என்று சொல்லும்போதும் அவருக்கு அப்படித்தான் வாயில் வந்தது.

அதன்பிறகு சித்தப்பா வரவில்லை. சித்தி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கோர்ட்டில் விவாகரத்து வாங்கிக்கொண்டு, அங்கேயே தனியாக வீடு பிடித்துத் தங்கிவிட்டாள். திரும்பிப் போவதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

அவர் வந்துபோன அன்று, எல்லோரும் அவரவர் வேலைக்குப் போன பின் அவள் என்னை அருகே இழுத்து, காதோடு கேட்டாள்:

"கண்ணு, அவரு எளச்சுப் போயிட்டாரா?"

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று, இல்லை சித்தி, அப்படியேதான் இருக்கிறார் என்றேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கதவைத் தாண்டி வந்திருந்தால் அவளே பார்த்திருக்கலாமே, என்னை எதற்குக் கேட்கிறாள் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.