மூணாம் மாடியில் கேட்ட அழுகை

போன வருஷம் வைகாசி மாசம், கொல்கத்தாவில் வெயில் மண்டையைப் பிளந்துக்கிட்டிருந்த நேரம். டாக்குரியா ஸ்டேஷனை ஒட்டின ஒரு பழைய கட்டடத்தில், மூணாவது மாடியில், நாங்க வாடகைக்கு வந்து நாலஞ்சு மாசம்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, மாற்றலாகி வந்தோம். பொண்ணு திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறா. வீட்டில் நாங்க ரெண்டு பேர்தான்.

என் வேலையைச் சட்டுனு சொல்லிப் புரியவைக்க முடியாது. ரேடியோவில் உலகச் சரித்திரம், இப்போ நடக்கிற சண்டை, அகதிகள், பஞ்சம்னு ஆவண நிகழ்ச்சிகள் வருதில்லையா, அதையெல்லாம் தமிழில் மாத்தி ஆன்லைனில் போடுற ஒரு சின்ன நிறுவனம் சென்னையில் இருக்கு. அவங்க ஸ்கிரிப்ட் அனுப்புவாங்க. அதில் பேசுற பெண்களுக்கெல்லாம் நான் குரல் கொடுத்து, வீட்டிலேயே பதிவு பண்ணி அனுப்பணும். திங்கக்கிழமை ஒரு நாட்டில் வீடு இடியும், வியாழக்கிழமை இன்னொரு நாட்டில் படகு கவிழும். எல்லாத்திலயும் அழுகிறது நான்தான்.

ஆரம்பத்தில் ஒவ்வொண்ணுக்கும் எனக்குச் சோறு இறங்காது. போகப் போக மரத்துப் போச்சு. 'ஐயோ, என் வீடு போச்சே'ன்னு கதறி முடிச்சிட்டு, அதே மூச்சில் குக்கர் எத்தனை விசில் வந்ததுங்கன்னு கேட்பேன். உடம்பும் அப்படித்தான், எப்பவும் அடிச்சுப் போட்ட மாதிரி ஒரு அலுப்பு. தூங்கி எழுந்தாலும் போகாது.

பதிவு பண்ற இடத்தைச் சொன்னா சிரிப்பீங்க. குளியலறையை ஒட்டி ஒரு சாமான் ரூம். நாலு சுவத்திலும் குளிர்காலத்துப் பஞ்சுப் போர்வைகளை, ரஜாய்ம்பாங்களே, அதைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு முக்காலி, ஒரு மைக். ஃபேன் போடக்கூடாது, சத்தம் விழும். லோக்கல் டிரெயின் போனா நிறுத்தணும், மீன்காரர் கூவினா நிறுத்தணும். இதெல்லாம் இல்லாத ஒரே நேரம் மத்தியானம்தான். இங்கே மத்தியானச் சாப்பாடு முடிஞ்சா கோயில் நடை சாத்தின மாதிரி மொத்தத் தெருவும் படுத்துடும், கடைக்கு ஷட்டர் இறங்கிடும். அந்த அமைதியில் பதிவு பண்ணினா தேன் மாதிரி வரும்னு நான் கண்டுபிடிச்சு வச்சிருந்தேன். எனக்கு அமைதின்னா ஊருக்கே அமைதி, நான் பேசுறதுதான் எல்லாருக்கும் கேட்கும்னு இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

அதோட இன்னொரு கூத்து. சென்னை ஆபீசில் ஆண் குரலுக்கு ஆள் பத்தலைன்னு என் வீட்டுக்காரரையும் உள்ளே இழுத்துவிட்டாங்க. மனுஷன் பூனைக்குட்டியை அதட்டக்கூட யோசிப்பார், ஆனா குரல் மட்டும் வெண்கலம். காலை ஷிப்ட் முடிஞ்சு வந்து, சாப்பிட்டுட்டு, என்னோட அந்த ரூமில் வந்து நின்னுக்குவார். சிப்பாய், ஜெயிலர், சர்வாதிகாரின்னு உலகத்துக் கொடுமைக்காரன் அத்தனை பேருக்கும் அவர்தான் குரல்.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டுப் பௌதி என்மேல் ரொம்பப் பிரியமா இருக்க ஆரம்பிச்சாங்க. பௌதின்னா அண்ணி, இங்கே அக்கம்பக்கத்துப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். என் வயசுதான் இருக்கும், பள்ளிக்கூடத்தில் அரைநாள் வேலை. மாடிப்படியில் பார்த்தா நிறுத்தி, நல்லாயிருக்கியான்னு கேட்பாங்க. அதுவும் சும்மா இல்லை, கையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணையே உத்துப் பார்த்து. ஒருநாள் சுரைக்காய் கூட்டு கொடுத்தனுப்பினாங்க, ஒருநாள் பாயசம். எப்ப வேணும்னாலும் என் வீட்டுக் கதவைத் தட்டு, நேரம் காலம் பார்க்காதேன்னாங்க. பீரோ கைப்பிடியில் இடிச்சு என் முழங்கையில் கன்னிப்போயிருந்ததைப் பார்த்துட்டு, இது எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. இடிச்சுக்கிட்டேன்னேன். பெருமூச்சு விட்டுட்டுப் போனாங்க. வங்காளிங்க எவ்வளவு பாசக்காரங்கன்னு நான் என் அக்காவுக்கு போன் பண்ணிப் பெருமையடிச்சேன்.

என் வீட்டுக்காரருக்கு நேர் எதிர். தெரு கிளப்பு செக்ரட்டரி தாதா முன்னெல்லாம் சிரிப்பார், இப்ப முகத்தைத் திருப்பிக்கிறார்னு வந்து புலம்புவார். தாதான்னா இங்கே அண்ணன். நான் என்னம்மா பண்ணினேன், பூஜைக்கு நன்கொடை கூடக் கொடுத்தேனேம்பார். உங்களுக்கு எல்லாமே பெரிசாத் தெரியும், சும்மா இருங்கன்னு அடக்கினேன்.

அன்னிக்கு ஒரு தொடரோட கடைசிப் பகுதி. ஏதோ ஒரு நாட்டு எல்லையில் ஒரு சோதனைச் சாவடி. தப்பிச்சுப் போற ஜனங்களை வரிசையில் நிறுத்தி, ஆம்பளைப் பிள்ளைங்களை மட்டும் தனி லாரியில் ஏத்துறாங்க. ஒரு தாய் தன் மகனை விட மறுத்துக் கெஞ்சுறா. அந்தம்மா ரேடியோக்காரங்ககிட்ட சொன்ன வாக்குமூலத்தை நாங்க நாடகம் மாதிரி நடிச்சுப் பேசணும். முதல்நாள் அனுப்பினதைத் தயாரிப்பாளர் திருப்பி அனுப்பிட்டார். மளிகை லிஸ்ட் வாசிக்கிற மாதிரி இருக்கு மேடம், எனக்கு அந்தத் தாய் வேணும்னு ஒரு மெசேஜ். சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரணும், இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்குவாங்கன்னு பூடகமா இன்னொரு மெசேஜ். இந்த வேலையை விட்டா எனக்கு இந்த ஊரில் வேற போக்கு கிடையாது, பாஷையும் கிடையாது.

சாப்பிட்ட கையோட உள்ளே போனோம். அவர் கர்ஜிக்கிறார், நான் கதறுறேன். சரியில்லை. மறுபடி. அவர் இன்னும் கோபமா, நான் இன்னும் சத்தமா. ரஜாய் புழுக்கத்தில் ரெண்டு பேருக்கும் வேர்வை ஆறா ஓடுது. தொண்டை கட்டிப்போச்சு. அழுகை மட்டும் வரவே மாட்டேங்குது, வெறும் சத்தம்தான் வருது. எங்கேயோ யாரோ பெத்த பிள்ளைக்கு நான் ஏன் இப்படி லோல்படணும்னு எரிச்சல் எரிச்சலா வந்துச்சு. அப்பதான் வாசல் கதவு இடிஞ்சு விழற மாதிரி தட்டுற சத்தம்.

வேர்க்க விறுவிறுக்க, மேல்சட்டை இல்லாம, லுங்கியோட அவர்தான் போய்த் திறந்தார். வாசலில் பௌதி, பக்கத்து வீட்டுப் பெண்கள் ரெண்டு பேர், பின்னாடி கிளப்பு செக்ரட்டரி. பௌதி கையில் பூரிக்கட்டை. சத்தியமா சொல்றேன், பூரிக்கட்டை! அவரை ஒரு தள்ளுத் தள்ளிட்டு நேரா உள்ளே வந்தாங்க. தலையெல்லாம் கலைஞ்சு, முகமெல்லாம் சிவந்து சாமான் ரூம் வாசலில் நின்ன என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வா, எங்க வீட்டுக்குப் போகலாம். எதுவும் எடுக்க வேண்டாம், செருப்பை மட்டும் போட்டுக்க"ன்னாங்க.

அதுக்குள்ள செக்ரட்டரி தாதா என் வீட்டுக்காரர் தோளைப் பிடிச்சுட்டார். போலீஸ்ங்கிற வார்த்தை காதில் விழுந்ததும்தான் எனக்கு விஷயமே புரிஞ்சது. குளியலறைக் காத்துக்குழாய் எல்லா மாடிக்கும் ஒண்ணுதான். மாசக்கணக்கா, ஊரே படுத்திருக்கிற நேரத்தில், புருஷன் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அவன் கத்துறதும் பெண்டாட்டி கதறுறதும் கீழே போய்க்கிட்டே இருந்திருக்கு! ஐயோ கடவுளேன்னு தலையில் அடிச்சுக்கிட்டு, எல்லாரையும் சாமான் ரூமுக்கு இழுத்துட்டுப் போய் மைக்கைக் காட்டினேன், ஸ்கிரிப்டைக் காட்டினேன், பதிவானதைப் போட்டுக் காட்டினேன். அவர் குரல் கர்ஜனையா வந்துச்சு. நிஜ ஆள் பக்கத்தில் லுங்கியை இழுத்துக் கட்டிக்கிட்டு, அழமாட்டாக் குறையா நிக்கிறார்.

செக்ரட்டரி தாதா விழுந்து விழுந்து சிரிச்சார். அந்தப் பெண்களும் சிரிச்சாங்க. தாதா என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடிச்சு மன்னிப்புக் கேட்டார், இவரும் விட்டாப் போதும்னு எல்லாருக்கும் காபி போட ஓடினார்.

பௌதி மட்டும் சிரிக்கலை. முக்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கிட்டு மறுபடி போடச் சொன்னாங்க. முழுக்கக் கேட்டுட்டு, இவ என்ன சொல்றான்னு என்னைக் கேட்டாங்க.

என் பெங்காலி, காய் வாங்குற அளவுக்குத்தான். அழகா எழுதின ஸ்கிரிப்டை அதில் சொல்ல எனக்கு வார்த்தை கிடையாது. கையில் இருந்த நாலு வார்த்தையை வச்சு, தட்டுத் தடுமாறிச் சொன்னேன். என் பையன் சின்னவன். இருட்டுன்னா பயம். என் துணி கையில் இருந்தாத்தான் தூங்குவான். நான் வரலை, இந்தச் சால்வையை மட்டும் அவன்கிட்ட குடுங்க. அவ்வளவுதான் அந்தம்மா கேட்டது. சால்வைக்கு பெங்காலியில் என்னன்னு தேடி, கிடைக்காம, என் சேலை முந்தானையைப் பிடிச்சுக் காட்டினேன். காட்டும்போதே எனக்கு என்னமோ ஆயிடுச்சு. அத்தனை தடவை அந்த வரியைக் கத்தியிருக்கேன், அவ கேட்டது ஒரு துணியைத்தான்னு அப்பதான் எனக்குத் தெரியுது. பௌதி என் தலையைத் தன் தோளில் சாய்ச்சுக்கிட்டாங்க. எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது.

அப்புறம் பௌதி ரொம்ப சாதாரணமா ஒண்ணு கேட்டாங்க. "அப்புறம்? அந்தப் பையன் கிடைச்சானா?"

எனக்குத் தெரியலை. ஸ்கிரிப்டில் அவ பேச்சு அந்த இடத்தோட முடிஞ்சு இசை வந்துடும், அடுத்த ஆள் பேச ஆரம்பிச்சுடுவார். கேட்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. தெரியாதுன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு, ஆனா சொன்னேன். அவங்க திட்டலை. போன் போட்டுக் கேளேன்னாங்க.

அங்கேயே, அவங்க முன்னாடியே போட்டேன். மூலத்திலேயே அவ்வளவுதான் மேடம், பேட்டி அதோட முடிஞ்சுது, நேரம் ஆகுது, ஃபைலை அனுப்புங்கன்னார் தயாரிப்பாளர். இனி மைக் முன்னாடி நிக்க எனக்குத் தெம்பில்லை. அதுவரைக்கும் எடுத்ததில் ஒண்ணை அப்படியே அனுப்பினேன். அவங்க என்ன நினைச்சாங்களோ, கடைசியில் திருப்பி அனுப்பின பழைய பதிவையே ஒலிபரப்பிட்டாங்க. ஒரு ஈ காக்கா அதைப் பத்திப் பேசலை.

வேலை இன்னும் அதேதான், அலுப்பும் அதேதான். நேரத்தைத்தான் மாத்திக்கிட்டேன், பதிவு ஆரம்பிக்கும் முன்னாடி கீழே ஒரு குரல் கொடுத்துடுவேன். என் வீட்டுக்காரரைத் தெருவே இப்ப 'வில்லன் பாபு'ன்னு கூப்பிடுது, அவருக்கு அதில் உள்ளூர சந்தோஷம். அந்தம்மாவைப் பேட்டி எடுத்த ரேடியோவுக்கு, பையன் என்ன ஆனான்னு கேட்டு நான் எழுதின மெயில்களுக்கு ஒரு பதிலும் இல்லை. பௌதி விடறதில்லை. காய்கறிப் பையோட மாடிப்படியில் நின்னு, அந்தப் பையனைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதான்னு, சொந்தக்காரப் பிள்ளையை விசாரிக்கிற மாதிரி கேட்பாங்க. இன்னும் இல்லை பௌதின்னு சொல்லிட்டு மேலே ஏறி வந்துடுவேன். எந்த ஊரோ, என்ன பேரோ, அவங்களுக்கு ஒருநாள் நல்ல பதில் சொல்லணும்ங்கிறதுக்காகவாவது அந்தப் பிள்ளை எங்கேயோ உயிரோட இருக்கணும்னு, விளக்கேத்தும்போதெல்லாம் என் மகளுக்கு வேண்டிக்கிறதோட சேர்த்து வேண்டிக்கிறேன்.