திரையில் வந்த விரிவுரை

யுத்தத்தின் கடைசி வருடங்களில் கொழும்பிலிருந்து விரிவுரையாளர்கள் திருகோணமலைக்கு வருவது நின்றுபோயிற்று. பொருளியல் விரிவுரை இணையத்தின் வழியே நேரடியாக வந்தது. கணினி அறைச் சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் விரிவுரையாளரின் முகம் தோன்றும், உறையும், மீண்டும் அசையும். நேரடியாகக் கேட்போருக்கே நல்ல பெறுபேறு என்று வளாகத்தில் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். அந்தப் பாடத்தில் ஏ எடுத்தால்தான் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகலாம். அது எனக்கும் வேண்டும், என் நண்பனுக்கும் வேண்டும்.

நான் அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் போய் முன்கதிரையில் இருப்பேன். ஒரு விரிவுரையையும் விட்டதில்லை. அவன் தம்பலகாமம். கண்டி வீதிச் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கி, பைகளைக் கிண்டி, மீண்டும் ஏற்றுவார்கள். அவன் வந்து சேர்கையில் துணி வெறும் துணியாக இருக்கும்.

வாசலில் நின்றபடியே அவனுக்கு விரிவுரையைச் சொல்வேன். பள்ளி நாள் தொட்டு விவாத மேடையில் பழகிய நாக்கு; முன்னுரையின்றி அதற்கு நகரத் தெரியாது.

"மனித நாகரிகத்தின் விடியலிலே..."

"மச்சான், விடியிறது இருக்கட்டும். பாதை பூட்டினாங்கள் எண்டால் இரவு உன்ரை வீட்டிலைதான் கிடக்கவேணும். நிரம்பல் எண்டால் என்ன, அதைச் சொல்லு."

"பாதை பூட்டினால் உங்கடை நெல் ஊரிலை தேங்கும். திருகோணமலை ரவுணுக்கு விக்க வாற அரிசிதான் நிரம்பல்; அது குறையும், விலை ஏறும். அவ்வளவுதான்."

"ஓம், இது விளங்குது. இப்பிடிக் கதைச்சால் எலெக்சனுக்கு நிண்டாலும் வோட்டுப் போடுவன்."

தவணை முழுவதும் இப்படியே கழிந்தது. புழுதி படிந்த அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் அலங்காரமெல்லாம் அலுத்துவிடும். இரண்டு வசனங்களில் முடித்துவிடுவேன்.

பரீட்சை மண்டபத்தில் என்னை மறிக்க ஒருவரும் இல்லை. நாகரிகத்தின் விடியலிலிருந்து தொடங்கினேன். என் தமிழில் இன்றைக்கும் எவரும் பிழை காட்ட ஏலாது. ஆனால் நிரம்பலை அடையும்போது மணி அடித்துவிட்டது.

அவனுக்கு ஏ வந்தது. எனக்கு சி.

"ஒரு வகுப்பும் விடாமல் நேரடியாக் கேட்டவன் நான்," என்றேன்.

"நீ சொன்னதைத்தானே நான் எழுதினனான். நீ என்ன எழுதினனீ?"

அவன் சிரிக்கவில்லை. சிறப்புப் பட்ட வகுப்பும் அதே துணியில்தான் வரும், அவனுடைய பஸ்ஸும் அதே வீதியால்தான் வரும்.

"இனி எனக்கு ஆர் மச்சான் சொல்லித் தாறது?" என்றான்.

களைப்பாக இருந்தது. "வகுப்பு எந்தக் கிழமை?" என்று கேட்டேன். "நான் போய்க் கடைசிக் கதிரையிலை இருந்தால், ஏன் வந்தனீ எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்."