எமனைக் கூப்பிட்ட நாய்

எங்கள் வீட்டில் ஓநாய் இருந்தது என்று நான் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். முழு ஓநாய் இல்லை, பாதிதான் என்று திருத்திச் சொன்னால் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். யாங்கோனில், அதுவும் தாகேதாவில், ஒரு மழைக்கே முழங்கால் வரை தண்ணீர் நிற்கிற எங்கள் சந்தில் ஓநாய்க்கு என்ன வேலை என்று கேட்பார்கள். வேலை இருந்தது. என்னை உயிரோடு வைத்திருப்பதுதான் அந்த வேலை. அதற்கு யாரும் அதைப் பழக்கவில்லை, அதுவும் யாரையும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

எனக்குச் சின்ன வயதிலேயே வலிப்பு நோய் வந்துவிட்டது. நின்றுகொண்டிருப்பேன், அடுத்த நிமிஷம் தரையில் கிடப்பேன். கண் திறக்கும்போது நாக்கு கடிபட்டு உப்புக் கரிக்கும், சுற்றிலும் அக்கம்பக்கத்து முகங்கள் வட்டமாகத் தொங்கும். மாத்திரை சாப்பிட்டேன். புத்தர் கோயிலான பகோடாவுக்குப் போய்ப் பூ வைத்தோம், அம்மன் கோயிலுக்குப் போய் விபூதியும் பூசிக்கொண்டோம். என் அம்மா பர்மாக்காரி, அப்பா தமிழர். ஆகவே எந்தப் பக்கத்துச் சாமியும் எங்களைக் குறை சொல்ல முடியாது. இருந்தும் விழுந்துகொண்டுதான் இருந்தேன். தலையில் இரண்டு தடவை தையல் போட்டபிறகு, இனிமேல் இவள் பள்ளிக்கூடம் போக வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் படிப்பில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டிலேயே இருப்பது என்றால் அத்தையின் கண் முன்னாலேயே இருப்பது. அதை நினைத்தாலே அழுகை வந்தது.

அத்தை அப்பாவின் அக்கா. கணவர் போனபிறகு எங்களோடு வந்து இருந்தவள். காலையில் வாசலில் அடுப்பு வைத்துப் பயாஜோ போடுவாள். பருப்பை அரைத்து வெங்காயம் போட்டு எண்ணெயில் பொரிக்கிற பலகாரம். ஊரில் இதற்கு வடை என்று பெயர் என்பாள், தான் பார்த்தே இராத ஊரைப் பற்றி. வாய் பெரிய வாய். சந்து முனையில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் சண்டை போட்டால், அத்தை இங்கிருந்தே ஒரு சத்தம் கொடுத்துப் பிரித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் பயந்த ஒரே ஜீவன் நாய்தான். சின்ன வயதில் ஒரு நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்களாம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

அப்பா ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டில் கார் ஓட்டினார். அந்த மனிதர் திடீரென்று நாட்டைவிட்டுப் போக வேண்டி வந்தது. அவர் வளர்த்த நாயை எந்த விமானமும் ஏற்றிக்கொள்ளவில்லை, ஓநாய் ரத்தம் கலந்தது என்பதால். யாராவது வைத்துக்கொள்வார்களா என்று அவர் கண் கலங்கிக் கேட்டாராம். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத எங்கள் அப்பா, அதைக் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இறங்கி நின்றது பாருங்கள், சந்தே வாயடைத்துப் போனது. கால்கள் குச்சி குச்சியாக அத்தனை நீளம். மஞ்சள் கண். வால் மற்ற நாய்களைப் போல மேலே சுருளாமல் கீழே தொங்கியது. சந்து நாய்கள் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடிப் போய்த் தூரத்திலிருந்து குரைத்தன. அது பதிலுக்கு ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. அப்பா உடனே அதற்கு வெத்வுன் என்று பெயர் வைத்தார். பர்மியில் கரடி என்று அர்த்தம். இங்கே பாதி நாய்களுக்கு அதுதான் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஓநாய் என்று யாருக்கும் தோன்றாது என்பது அவர் கணக்கு.

அத்தை மட்டும் ஏமாறவில்லை. கையில் கரண்டியோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கத்தினாள். "தம்பி, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? நோயாளிப் புள்ள இருக்கிற வீட்டுக்குள்ள இதைக் கொண்டாந்து விடுறியே!"

"நாலு நாளைக்குத்தான் அக்கா," என்றார் அப்பா. அப்பாவின் நாலு நாள் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

வெத்வுன் சொன்னபடி கேட்கிற நாய் இல்லை. உட்கார் என்றால் உங்கள் முகத்தைப் பார்த்து யோசிக்கும். குளிக்கிற தொட்டி ஓரத்து ஈரச் சிமெண்டில்தான் நாளெல்லாம் படுத்துக் கிடக்கும், சூடு தாங்காது. பக்கத்து வீட்டு வாத்து முட்டையைத் திருடும். அம்மாவின் செருப்பைப் புதைத்து வைக்கும். அம்மா அதைத் தோண்டி எடுத்துக் கழுவிப் போட்டுக்கொண்டு போவாள், ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். அது முகர்ந்து பார்த்து நெருங்கிய ஒரே ஆள் நான்தான். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். வெத்வுன் எழுந்து வந்து என் வாயருகே முகர்ந்தது. பிறகு தோளால் என்னை இடித்தது. தள்ளினேன், போகவில்லை. என் மடிமேல் குறுக்கே படுத்துக்கொண்டு தலையை நிமிர்த்தி ஊளையிட்டது. குரைக்கவே குரைக்காத பிராணி, முதல் முதலாக வாயைத் திறந்து அப்படி ஓர் ஊளை! கொஞ்ச நேரத்தில் எனக்கு வலிப்பு வந்தது.

நம் ஆட்களுக்கு நாய் ஊளையிட்டால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. எமன் வந்து நிற்கிறான், மனிதர் கண்ணுக்குத் தெரியாதது நாய் கண்ணுக்குத் தெரிகிறது. பர்மாக்காரர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வார்கள், எமனுக்குப் பதிலாகப் பேய். அத்தை அன்றைக்கே ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து வாசலில் போட்டாள். அடுத்த முறையும் அப்படியே நடந்தது. இடித்தது, படுத்தது, ஊளையிட்டது, நான் விழுந்தேன். அதற்கடுத்த முறையும் அதேதான். எங்கள் வீட்டில் யாருக்கும் அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

"அது எமனைப் பாக்குற நாயி இல்லடா தம்பி, கூப்பிடுற நாயி," என்றாள் அத்தை. "அது இருக்கிற வரைக்கும் நம்ம புள்ள நமக்கில்ல."

அம்மாவின் தமிழ் அத்தையிடமிருந்து கற்றுக்கொண்டதுதான், அதை வைத்து அத்தையிடமே வாதாட முடியாது. "மமா, அது கெட்ட நாய் இல்லே," என்று மட்டும் சொன்னாள். மமா என்றால் அக்கா. அக்கா கேட்கவில்லை.

ஒரு நாள் நான் எழுந்தபோது தொட்டியடி காலியாக இருந்தது. கதவு திறந்து கிடந்ததாகவும் வெத்வுன் ஓடிவிட்டதாகவும் அத்தை சொன்னாள். நான் சந்து சந்தாகக் கத்திக்கொண்டே தேடினேன். அப்பா கூட வந்து தேடினார் பாருங்கள், அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை! விடியும் முன் அவரே அதைப் புது முதலாளியின் காரில் ஏற்றிப்போய், மிங்கலாடோனில் செங்கல் குவித்து வைத்திருக்கிற ஓர் இடத்தில் காவல் பார்த்த தன் சிநேகிதரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். விமான நிலையத்துப் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து நகரத்தின் அடுத்த கோடி.

பிறகு மழைக்காலம் பிறந்தது. ஒரு காலை நான் அத்தையின் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பயாஜோவைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னை இடிக்கவில்லை, யாரும் ஊளையிடவில்லை. நேராக அடுப்பின்மேல் விழுந்தேன். கொதிக்கிற எண்ணெய் என் இடது கையில் கவிழ்ந்தது. அத்தை என்னைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு சந்தில் ஓடினாளாம். தழும்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இன்றும் இருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததை அம்மா பிற்பாடு சொன்னாள். அத்தை திடீரென்று கேட்டாளாம்: "நாயிதான் இல்லையே. அப்ப இப்ப எமனை யாரு கூப்பிட்டா?"

அத்தையே பதிலும் சொன்னாளாம்.

"அது கூப்பிடல புள்ள. வர்றான், வர்றான்னு நம்மகிட்டச் சொல்லியிருக்கு. உக்கார வச்சு, மடியில படுத்து, பச்சப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லியிருக்கு. நான் ஒரு முண்டம், அதை வெரட்டிட்டேன்."

நான் வீடு திரும்பிச் சில நாள் கழித்து, கையில் கட்டோடு படுத்திருந்த ஒரு சாயங்காலம், வெத்வுன் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீடே மாறிப்போனது. அது இடித்தால் நான் எதிர்ப்பு இல்லாமல் தரையில் படுத்துக்கொள்வேன். ஊளை கேட்டால் அம்மா தலையணையோடு ஓடி வருவாள், அத்தை அடுப்பை அணைப்பாள். நான் எழும்போது என் முகத்துக்கு நேராக இரண்டு மஞ்சள் கண் இருக்கும். அக்கம்பக்கத்து முகங்களைவிட அது எவ்வளவோ மேல். அம்மா சிவப்புத் துணியில் அதற்கு ஒரு சட்டை தைத்து, 'வேலை செய்கிற நாய்' என்று பர்மியில் எழுதினாள். ஓநாய் திரிகிறது என்று வார்டு அலுவலகத்தில் யாரோ புகார் கொடுத்தபோது அத்தைதான் கரண்டியோடு போய் நின்றாள். என்ன பேசினாளோ, அலுவலகத்துக்காரர் மறுநாள் பயாஜோ வாங்க வந்தபோது வெத்வுனுக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. என் சயாமா, அதாவது வகுப்பு ஆசிரியை, முதலில் முடியவே முடியாது என்றார். ஒரு வாரம் மட்டும் பார்க்கலாம் என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். வகுப்புக்கு வெளியே படிக்கட்டின் கீழே படுத்திருக்கும். அது எழுந்து உள்ளே வந்தால் பிள்ளைகள் கண் மூடித் திறப்பதற்குள் மேசைகளை நகர்த்திவிடுவார்கள். சயாமா சாக்பீஸை வைத்துவிட்டு என்னை ஒருக்களித்துப் படுக்கவைப்பார். கணக்குப் பாடம் நின்றுவிடும் என்பதால் என் நோய்க்கு வகுப்பில் நல்ல மரியாதை இருந்தது. பத்தாவது முடித்தேன். இன்றைக்கு ஒரு மருந்துக்கடையில் நின்று நாலு பேருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். மஞ்சள் கண்ணுள்ள அந்தத் திருடனுக்கு நான் எத்தனை ஜென்மம் எடுத்தும் நன்றி சொல்லி முடிக்க முடியாது. அது வயதாகி அந்த ஈரச் சிமெண்டிலேயே செத்துப் போனபோது, ஓங்கி அழுதவள் அத்தைதான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் அம்மா உண்மையைச் சொன்னாள். அதுவரை நான் ஊரெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தேன் தெரியுமா? எங்கள் வெத்வுன் ஓடிப்போய், என்மேல் உள்ள பாசத்தால் தானாகவே வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்தது என்று. பள்ளிக்கூடத்தில் இதைக் கட்டுரையாகவே எழுதிப் பரிசு வாங்கினேன்.

அத்தை போய்க் கூட்டி வந்திருக்கிறாள். அப்பா வேலைக்குப் போயிருந்த நாள், யாரிடமும் சொல்லாமல், அன்று போட்ட பயாஜோவை விற்காமல் ஒரு பையில் கட்டிக்கொண்டு மிங்கலாடோனுக்கு பஸ் ஏறியிருக்கிறாள். திரும்பும்போது எந்த பஸ்ஸிலும் அவர்களை ஏற்றவில்லை. டாக்ஸிக்காரர்கள் நிறுத்துவார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ரயிலில் ஏறியதும் பெட்டியே கூச்சல் போட்டு அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டது. ஆகவே நடந்தாள். நாயைத் தொடப் பயந்து, கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு, பையிலிருந்து ஒவ்வொரு பயாஜோவாக முன்னால் எறிந்து எறிந்து, மழையில் நகரம் முழுக்க நடந்து, தாகேதாப் பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறாள். சந்து முனையில் கயிற்றை அவிழ்த்து நாயை முன்னால் விட்டுவிட்டு, தான் கொஞ்சம் பொறுத்து வந்தாளாம். நாயை விரட்டியது தான் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அத்தை இப்போதும் இருக்கிறாள். கேட்டுப் பாருங்கள், அது தானாகத்தான் வந்தது என்பாள்.

அது திரும்பி வந்த அந்தச் சாயங்காலம் நான் கண்டது இவ்வளவுதான். வெத்வுன் சேறும் நீருமாகப் பாய்ந்து வந்து என்மேல் விழுந்தது. நான் அழுதேன், சிரித்தேன், அதன் காதைக் கடித்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தை உள்ளே வந்தாள். சேலை தொப்பலாக நனைந்திருந்தது, செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பாதம் கொப்புளமாக இருந்தது. சந்தைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

"பாத்தியா அத்தே! ஒனக்குப் பிடிக்காட்டியும் அது எனக்காக வந்திருச்சு!" என்றேன்.

"ஆமாண்டி ஆத்தா," என்றாள் அத்தை. "கொஞ்சம் தண்ணி கொண்டா."

நான் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வந்தேன். வெத்வுன் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சொம்பை அதன் முன்னால் வைத்தேன். அத்தை நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"அதுக்கே வையி," என்றாள். "அம்புட்டுத் தூரம் அதுதானே நடந்து வந்திருக்கு."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அது குடித்து முடிக்கும் வரை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.