ஒரு மிதி கம்மி

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் தேவநாதன் கிட்டாரை உறையிலிருந்து எடுப்பான். கல்யாண மேடையானாலும் சரி, டீக்கடை பெஞ்சானாலும் சரி. தெரியாமல் கால் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். ஐம்பத்திரண்டு வயதாகிறது, யார் கேலி செய்தும் இந்த ஒன்றை அவன் விடவில்லை. எதற்கு விட வேண்டும்?

திருப்பாதிரிப்புலியூரில் வீடு, சிதம்பரத்தில் பிழைப்பு. கல்யாண வரவேற்புகளில் இருபது வருஷமாகக் கூட்டாளி அந்தோணிசாமி இன்னொரு கிட்டாரில் தாளத்தைப் பிடித்துக்கொள்வான், இவன் பாட்டை இழைப்பான். போன தை மாதம் அந்தோணிசாமி மகளோடு ஓசூருக்குக் குடிபோய்விட்டான். அவன் தந்தியைக் கேட்டே சுருதி சேர்த்துப் பழகிய காது இவனுக்கு. இப்போதும் ஓசூருக்குப் போன் போட்டு, "ஒரு தட்டு தட்டு மச்சான்" என்கிறான். சில நாள் அந்தப் பக்கம் எடுப்பதில்லை.

மண்டப மேலாளர் ராமாமிர்தம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "ஒத்த கிட்டாரு பந்தி சத்தத்துல காணாமப் பூடுதுப்பா. ஞாயித்துக்கெழம ரெண்டாளு சத்தம் கேக்கணும். இல்லன்னா இனிமே டிஜேவ வச்சிக்கிறோம்."

அதனால்தான் மேலவீதி வாத்தியக் கடையில் லூப் பெடல் கேட்டுப் போனான். காலடியில் வைக்கிற பெட்டி; ஒருமுறை மிதித்தால் வாசிப்பதைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி மிதித்தால் அதையே சுற்றிச் சுற்றி வாசிக்கும். கடையிலிருந்த சுவேதா இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். சின்னதற்கு ஒரே பொத்தான், நிறுத்த அடுத்தடுத்து இரண்டு மிதி. பெரியதில் நிறுத்துவதற்கென்றே தனிப் பொத்தான்.

தேவநாதன் மிதித்தான். மிதித்த கையோடு குனிந்து பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு வாசித்தான், மறுபடி மிதித்தான், மறுபடி குனிந்தான். பெட்டி நொண்டியடித்தது: கொஞ்சம் தாளம், கொஞ்சம் வெறுமை, கொஞ்சம் தாளம்.

"இது ரிப்பேரும்மா. வேற குடு."

"ரிப்பேரு இல்லண்ணே. நீங்க கும்புடற நேரத்தையும் சேத்துப் புடிச்சி வச்சிருக்கு."

கையால் அமுக்கலாமா என்று கேட்டான். கைதான் கிட்டாரில் இருக்கிறதே என்றாள் அவள். சாயங்காலம் நாட்டியம் கற்றுக்கொள்கிற பெண். அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "நாங்க ஆடறதுக்கு முன்னாடி பூமியத் தொட்டுக் கும்புட்டுக்குவோம். மிதிக்கப் போறேன், பொறுத்துக்கன்னு. ஒரே தடவதான். அடிக்கு அடி கும்புட்டா எப்ப ஆடறது?"

இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தான். பஸ்ஸில் கொண்டுபோகச் சின்னதுதான் தோது. பெரியதைத்தான் எடுத்தான். "இதுக்கு ஒரு மிதி கம்மி" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் பெட்டி முன் ஒருமுறை குனிந்து எழுந்தான். கண்ணை மூடிக்கொண்டு மிதித்து, அந்தோணிசாமி போடுகிற தாளத்தைத் தானே போட்டு, மறுபடி மிதித்தான். தாளம் பிசகாமல் சுற்றி வந்தது. பந்தி வாசலில் நின்ற ராமாமிர்தம் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். சரணம் நெருங்கினால் அந்தோணிசாமி அவசரப்பட்டு முந்துவான், இவன் கண்ணால் அதட்டுவான். பெட்டி முந்தவில்லை. அதட்ட ஒன்றுமில்லை.

மூன்றாம் சுற்று வந்தபோது, மேடை நடுவில் நின்றிருந்த தேவநாதன் ஓரடி வலப்பக்கம் நகர்ந்து, இன்னோர் ஆள் நிற்க இடம் விட்டுக்கொண்டு வாசித்தான்.