உள்ளே விட்ட துணி

கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, தலைமேல் ஸ்கேலைப் படுக்கவைத்து, பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறார் டேப் அக்கா. பிறகு கழுத்தில் தொங்கும் டேப்பை இறக்கித் தன் உயரத்தை அளக்கிறார். "கொஞ்சம் இரும்மா. நேத்தைக்கு இன்னிக்குக் குறைஞ்ச மாதிரி இருக்கு." ஒரே நாளில் ஆள் எப்படிக் குறைவார் என்று கேட்டேன். "துணி ஒரு தண்ணில சுருங்குது. உடம்பு சுருங்காதா?" என்றார். அவர் நகர்ந்ததும் நானும் ஒருமுறை அந்த நிலையில் நின்று பார்த்துக்கொண்டேன். எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறார். எல்லோருக்கும் டேப் அக்கா. கடைக்கு ஜன்னல் கிடையாது. காலையில் டியூப் லைட்டைப் போட்டு உட்கார்ந்தால், வெளியே மழையா வெயிலா என்பது வருகிறவர்கள் கையிலிருக்கும் குடையைப் பார்த்துத்தான் தெரியும். வாய் மட்டும் சும்மா இருக்காது. பேன்ட் இறுக்குகிறது என்று குறைபட்ட மேலாளரிடம், "பேன்ட் அப்படியேதான் சார் இருக்கு, நீங்கதான் வளந்துட்டீங்க" என்றவர்.

அப்பேர்ப்பட்டவர் குளியலறைக்குள் போகும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவார். "எங்க பெரியக்கா அங்கதான் வழுக்குனா. இடுப்பு எலும்பு. படுத்தவ எழுந்திரிக்கவே இல்ல." இதைச் சொல்லும்போது மிஷின் நின்றுவிடும்.

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு சீக்கிரம் தேயும், வெயிலே படாத உடம்பில் வைட்டமின் டி அடிமட்டத்தில் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னது அந்தப் பயத்துக்குத் தூபம் போட்டது. வாரத்துக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்தார். அங்கேதான் அக்காவின் தொழில்புத்தி குறுக்கே வந்தது. எந்தத் துணியையும் அளவுக்குச் சரியாக வெட்டமாட்டார். மடிப்புக்குள் கொஞ்சம் விட்டுத்தான் தைப்பார், நாளைக்குத் தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று. மாத்திரையிலும் விட்டார். வாரத்துக்கு ஒன்று, பாதுகாப்புக்கு இன்னொன்று. முட்டி சொடக்கிட்டால் ஒன்று. ஸ்டூலில் ஏறவேண்டிய நாளில் ஒன்று. மருந்துக் கடையில் பழகிய முகம், கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள்.

சில மாதம் கழித்து அவர் முகமே மாறிப்போனது. சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். அடங்காத தாகம். கண்ணுக்கு முன்னால் இருக்கும் கத்தரிக்கோலைத் தேடுவார். நூல் பாபின் டப்பாவில் காலி மாத்திரை அட்டைகள் குவிந்துகிடப்பதைப் பார்த்த அவர் மருமகள், கையோடு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "எலும்பைக் காப்பாத்தறேன்னு கிட்னியைக் கெடுத்துக்கப் போறீங்களா? நான் சொல்ற வரைக்கும் ஒண்ணுகூடத் தொடக்கூடாது" என்று டாக்டரம்மா கத்தினாராம். நல்லவேளை, இப்போது இறங்கிவருகிறது. அடுத்த பரிசோதனை வரைக்கும் மாத்திரை கிடையாது.

அக்காவுக்கோ இப்போதுதான் உயிரே கையில் இல்லை. "அதிகமாப் போட்டா ஆபத்துங்கறாங்க. போடாம இருந்தா எலும்பு உளுத்துப் போயிடாதா? நான் எந்தப் பக்கம்மா போறது?" கேட்டுக்கொண்டே மேலங்கிப் பையைத் தடவினார். அதற்குள் ஏதோ சரசரத்தது.

"அக்கா, அதைத் தூக்கிப் போடுங்க."

"ஒரே ஒரு அட்டைதாம்மா. மருமகளுக்குத் தெரியாது. சும்மா கூட இருக்கட்டும்னு வச்சிருக்கேன்."

"போட்டுக்கிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல. இப்ப என்ன, உனக்கு நம்பிக்கை இல்லையா? பாரு." மேலங்கியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். ஊசியில் நூல் கோத்தார். அட்டை உள்ளே இருக்க, பையின் வாயை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தைத்தார். "போதுமா? இனி கையே போகாது."

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு மேலங்கியை மாட்டிக்கொண்டார். கிட்டத்தில் பார்த்தேன். என் கால்சட்டை விளிம்புக்கே இரட்டைத் தையல் போடுகிறவர், பையின் வாயில் போட்டிருந்தது ஓட்டுத் தையல். துணியைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கப் போடுவது. முனையில் முடிச்சுகூடப் போடவில்லை. இழுக்க வசதியாக, விரல் நீளத்துக்கு நூலை வெளியே விட்டிருந்தார்.