மருந்து மூடியளவு தண்ணீர்

எங்கள் வீட்டுச் சமையலறையில், கரண்டிகள் கிடக்கும் டிராயருக்குள், ஒரு பிளாஸ்டிக் மூடி பல வருஷமாகக் கிடக்கிறது. இருமல் மருந்துப் புட்டியின் தலையில் கவிழ்த்து வருமே, அந்த அளவு மூடி. உள்ளே ஐந்து, பத்து, பதினைந்து என்று கோடுகள். ஒரு கோடு கோணலாக விழுந்துவிட்டதால் கம்பெனியில் கழித்துப் போட்டது. டிராயரைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் என் மகள் அதைக் குப்பையில் போடுவாள். நான் பொறுக்கி எடுத்து மறுபடி உள்ளே வைப்பேன். எதற்கென்று கேட்டால் மருந்து ஊற்ற உதவும் என்பேன். இதுவரை அதில் ஒரு சொட்டு மருந்து ஊற்றியதில்லை.

அதை எனக்குக் கொடுத்தவர் எங்கள் சூப்பர்வைசரக்கா. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம், புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் எனக்கு வேலை. பெல்ட்டில் புட்டிகள் வரிசையாக வரும். லேபிள் நேராக இருக்கிறதா, மூடி பொருந்தியிருக்கிறதா என்று பார்த்து அட்டைப் பெட்டியில் அடுக்க வேண்டும். பன்னிரண்டு பெண்கள் இருந்தோம், எங்களுக்கு மேலே அக்கா. நல்ல பருத்த உடம்பு. அவர் பின்னால் வருகிறார் என்பதை மூச்சிரைப்பை வைத்தே தெரிந்துகொண்டு எங்கள் அரட்டையை நிறுத்திவிடுவோம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. தம்பி பாரிஸில். கணவர் மில்லில் வேலை பார்த்து, மில் நின்ற பிறகு வீட்டோடு இருந்தவர். ரெட்டியார்பாளையத்திலிருந்து அக்கா தினமும் நாலு அடுக்கு கேரியரைத் தூக்கிக்கொண்டு வருவார். அதில் அவருக்கு ஒரு அடுக்கு, மீதியெல்லாம் எங்களுக்கு. என் டப்பாவில் பாதி நாள் தயிர்சோறும் ஊறுகாயும்தான் இருக்கும். அதை அவர் பிடுங்கித் தான் சாப்பிட்டுவிட்டு, வஞ்சிரம் வறுவலை என் பக்கம் தள்ளுவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பில் ரொட்டிக்கடை ரொட்டியை முக்கிச் சாப்பிட்ட கதையைத் திங்கட்கிழமை முழுக்கச் சொல்வார். அவர் சொல்லும்போதே நமக்குப் பசிக்கும்.

முட்டி தேய்ந்துவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது, படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருநாள் இரண்டு மாதம் லீவு போட்டார். பித்தப்பையில் கல், சென்னையில் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார். திரும்பி வந்தபோது ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. கேரியர் மட்டும் அதே நாலு அடுக்கு. எங்களுக்குப் பரிமாறிவிட்டு, "நான் அப்பவே சாப்ட்டுட்டேன்டி" என்று எழுந்துபோய்விடுவார். மூன்றாம் நாள் அட்டை எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அக்கா கவிழ்த்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, கழித்துப் போட்ட மருந்து மூடியில் தண்ணீர் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வாயாகக் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் வாந்தி. அரை இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டாராம்.

அன்றுதான் சொன்னார். பித்தப்பையெல்லாம் இல்லை, வயிற்றையே சுருக்கித் தைத்திருக்கிறார்கள். தம்பிதான் ஏற்பாடு செய்தது. இனி உள்ளங்கையில் அடங்குகிற சோறுதான் ஒரு வேளைக்கு. ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரைமணி கழித்துத்தான். இனிப்பு உள்ளே போனால் நெஞ்சு படபடத்து, வேர்த்து, ஆளே சாய்ந்துவிடுவார். ரொட்டி தொண்டைக்குக் கீழே இறங்காமல் கல் மாதிரி நிற்கும். மற்ற எல்லாவற்றையும் சாதாரணமாகச் சொன்னவர் ரொட்டியைச் சொல்லும்போது மட்டும் கண் கலங்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சாப்பாட்டுக்கா ஒருத்தர் அழுவார் என்று நினைத்தேன். அப்போது எனக்கு வயது இருபத்துநாலு.

"யார் கிட்டயும் சொல்லிடாதடி. பொண்ணுக்கு மாப்ள பாக்குறோம். அவளும் கொஞ்சம் பூசுனாப்லதான் இருக்கா. ஆத்தாளுக்கே வயித்த அறுத்தாங்களாம், பொண்ணு நாளைக்கி எப்பிடி ஆவுமோன்னு பேசுவாங்க" என்றார். சத்தியம் செய்துகொடுத்தேன்.

அப்போதிலிருந்து எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. நம் ஊரில் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். இலையில் வைத்ததைத் தொடாமல் எழுந்தால் வைத்தவருக்கு முகம் சுண்டிப்போகும். அதனால் பந்தியில் நான் அக்காவுக்கு இடது பக்கம் உட்காருவேன். இனிப்பும் வடையும் வைப்பது இலையின் இடது பக்கம்தானே. அக்கா கை வைப்பதற்கு முன்பே என் வலது கை அங்கே போய்வந்துவிடும். சோற்றில் முக்கால்வாசியையும் என் பக்கம் ஒதுக்குவார். அவர் ஒரு கவளத்தை மென்று முடிப்பதற்குள் நான் இரண்டு இலைச் சாப்பாட்டை முடித்திருப்பேன். "உன் வயிறுதான்டி எனக்கு மானங் காக்குது" என்று காதோரம் சொல்வார். கம்பெனியிலும் அதே கதைதான். ஒரு வருஷத்தில் என் ரவிக்கைகளின் தையலை இரண்டு தடவை பிரித்துவிட வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் எங்கள் பிரிவுப் பெண்கள் பார்க்காமலா இருப்பார்கள்? "சூப்பர்வைசரு எளைச்ச சதையெல்லாம் இவ மேல வந்து ஒட்டிக்கிச்சிடி" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அதற்கு நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு ஒருநாள், "எச்சி எலையப் பொறுக்குனா பெல்ட்டுல நிக்காம ஒக்காந்து பாக்குற வேல கெடைக்கும்போல" என்று இன்னொருத்தி சொன்னாள். அதற்குச் சிரிக்க முடியவில்லை. அவர் சாப்பிடத் தொடங்கிய இலையை நான் ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் அதை விளக்கப்போனால் ரகசியத்தைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு எரிந்துகொண்டிருந்தேன். அந்த எரிச்சல் பேசியவள் மேல் போகாமல் அக்கா மேலேயே திரும்பியதுதான் வேடிக்கை. இவருக்காகத்தானே இந்தப் பேச்சு என்று தோன்ற ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் பெண்ணுக்கு முத்தியால்பேட்டையில் ஓர் இடம் அமைந்தது. பையனுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆபீஸில் வேலை. பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், எங்கள் வீட்டுக்கு வந்து கை நனைத்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். பெண் வீட்டார் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்ட பிறகுதான் வெற்றிலைத் தட்டு, நிச்சயத்துக்கு நாள் குறிப்பது எல்லாம். பெண்ணின் அம்மா இலையில் கை வைக்காமல் எழுந்தால் அதைவிட அவமானம் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிடையாது. அக்கா ஒரு வாரமாக என்னையே சுற்றிச் சுற்றி வந்தார். "நீ இல்லாம நான் அந்தப் பந்தியில ஒக்கார முடியாது. சொந்தக்காரங்க வராட்டியும் பரவால்ல, நீ வந்துடு." சந்தேகம் வரக் கூடாது என்று பிரிவிலிருந்து இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டார். எச்சில் என்று சொன்னவளும் அதில் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பகல். மொட்டைமாடியில் பந்தல் போட்டுப் பாய் விரித்திருந்தார்கள். நான் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு மாடி ஏறுவதற்குள் அக்கா போய் உட்கார்ந்துவிட்டார். இடது பக்கத்துப் பாயில் கையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார். நான் அவரை நோக்கித்தான் நடந்தேன். பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். "இன்னாடி, இங்கயும் அங்கதான் போவியா? மாப்ள வூட்டுக்காரங்க பாக்கப் போறாங்க எல பொறுக்குறத." நாலு பேரும் சிரித்தார்கள். நான் அப்படியே அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன். அதே வரிசை, பத்துப் பேர் தள்ளி. அக்கா இந்தப் பக்கம் திரும்பியபோது முதுகைப் பின்னால் சாய்த்துக்கொண்டேன். அவர் கண்ணுக்கு நான் தெரிந்திருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பையனின் அம்மா வந்து அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தார். "நாம ரெண்டு பேரும் ஒண்ணா கை நனைக்கலாம் சம்மந்தி" என்றது இங்கே கேட்டது. நல்ல மனுஷி. தன் கையாலேயே கேசரியை எடுத்து அக்காவின் இலையில் வைத்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எடுத்து வாயில் போட்டார். சம்பந்தி இன்னொரு கரண்டி வைத்தார். அதையும் சாப்பிட்டார். டம்ளரில் பாயசம் வந்தது. மகளின் முகத்தை ஒருதரம் பார்த்தார், குடித்தார். இனி அரைமணி நேரம்கூடத் தாங்காது என்று அவர் வீட்டாரை விட்டால் அந்தப் பந்தியில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எழுந்து போய், "அக்கா, ஒங்களுக்கு ஃபோனு" என்று ஏதாவது சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். நான் குனிந்து சாப்பிட்டேன். அன்றைக்கு உருளைக்கிழங்கு வறுவல் ரொம்ப நன்றாக இருந்தது. அது ஞாபகம் இருப்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மோர் வருவதற்குள் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். மாடிப்படித் திருப்பத்தில் வாந்தி எடுத்துவிட்டுச் சரிந்து உட்கார்ந்தார். புடவை முழுக்க வேர்வை, உதடெல்லாம் வெளுத்துப்போய்க் கிடந்தது. ஆளாளுக்கு ஓடினார்கள். அவர் மகள் விசிறிக்கொண்டே அழுதாள். பையனின் அத்தை, "முன்ன எவ்ளோ பெரிய ஒடம்பு தெரியுமா, பாதியா போயிட்டாங்களே, பெரிய வியாதியா இருக்குமோ?" என்று யாரிடமோ கிசுகிசுத்தார்.

நான் கை கழுவும் குழாயடியில் நின்றிருந்தேன். பையனின் அம்மா நேராக என்னிடம் வந்தார். "நீங்க கூட வேல செய்றவங்கதான? அவங்களுக்கு இன்னாம்மா ஒடம்புக்கு? மறைக்காம சொல்லு. நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்." அவர் குரலில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. இது வியாதி இல்லை, வயிற்றைச் சுருக்கியிருக்கிறார்கள், இனிப்பு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு வரி சொன்னால் போதும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

சத்தியம் செய்திருக்கிறோமே, அதனால்தான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அது காரணமில்லை. தெரியும் என்று சொன்னால், தெரிந்துமா அவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாய் என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டு உள்ளேயே இருந்துவிட்டது. "பாத்துச் சொல்றோம்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். அவ்வளவுதான், பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அக்கா வேலைக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார், நாலு அடுக்கு கேரியரோடு. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களுக்குப் பரிமாறிவிட்டு என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டார். கேட்கப்போகிறார், திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்றும் இருந்தது. அவர் பெட்டிமேல் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்ன கூட்டத்துல தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கல. லேட்டா வந்தியா? போவுது வுடு. அந்தம்மா ஒன்னான்ட வந்து நோண்டி நோண்டிக் கேட்டாங்களாமே, என் பொண்ணு பாத்துட்டு வந்து சொன்னா. நீ வாயத் தொறக்கலியாமே. கூடப் பொறந்தவளா இருந்தாக்கூட அந்த எடத்துல சொல்லியிருப்பாடி." அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "நேத்து வயிறு நெறைய சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் அவர் கையிலிருந்த மூடியைக் கழுவி, கைக்குட்டையில் துடைத்து, "ஒனக்கும் ஒண்ணு வெச்சிக்கோ, என் ஞாபகமா" என்று கொடுத்தார். அவரிடம்தான் இன்னும் நூறு மூடி கிடந்ததே.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்கு விழுப்புரத்தில் கல்யாணம் ஆனது. முதல் இடத்தைவிட இந்த மாப்பிள்ளை தங்கம் என்று எல்லோரும் சொன்னார்கள், அது உண்மையும்தான். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே கை நனைக்கப் போனபோது அக்கா செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இலை போட்டதும் சம்பந்தியைப் பார்த்து, "நான் வயித்த சுருக்கிக்கினு இருக்கறவ. இனிப்பு ஆவாது, ஒரு கைப்புடி வெச்சா போதும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அந்த அம்மா, "அய்யோ, அதுக்கின்னா" என்று சிரித்துவிட்டு அரைக் கரண்டி ரசம் சாதம் வைத்தார். அவ்வளவுதான் விஷயம். முத்தியால்பேட்டைக் குழாயடியில் என்னிடம் கேட்டதும் இந்த ஒரு வரியைத்தான்.

போன மாதம் அக்காவின் பேரனுக்குக் காதுகுத்து. இப்போது அவர் விழுப்புரத்தில் மகளோடு இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ரொட்டியை இப்போது வாயில் வைத்து மென்று ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவாராம், அதுவே போதும் என்கிறார். பந்தியில் இடது பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். போய் உட்கார்ந்தேன். இப்போது யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை, ஆனாலும் பழக்கம் விடவில்லை. இலையில் வைத்த ஜாங்கிரியை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். எனக்கும் இப்போது சர்க்கரை. சொல்லாமல் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு அரைமணி ஆனதும் கைப்பையிலிருந்து அதேபோல ஒரு மூடியை எடுத்தார். கோடெல்லாம் அழிந்துபோன மூடி. தண்ணீர் ஊற்றிக் குடித்துக்கொண்டே, அருகிலிருந்த சம்பந்தியிடம் என்னைக் காட்டினார். "இவள மாதிரி ஒருத்தி கெடைக்க மாட்டா. ஒரு ரகசியம் சொன்னா உசுரு போனாலும் வெளிய வராது." அந்த அம்மா என்னை மரியாதையாகப் பார்த்தார். அக்கா, அன்றைக்கு நான் அதே வரிசையில்தான் இருந்தேன், நீங்கள் தேடியதைப் பார்த்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. "தண்ணிய மெதுவா குடிங்கக்கா" என்றேன். அக்கா சொன்னது பொய்யில்லை. இத்தனை வருஷமாக அவரிடமிருந்தே ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டுதானே இருக்கிறேன்.

நேற்று மகள் மறுபடி டிராயரைக் கொட்டிச் சுத்தம் செய்தாள். மூடியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இன்னும் இத வுட மாட்டியாம்மா? எதுக்குதான் இது?" என்று கேட்டாள்.

"மருந்து ஊத்த" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.